பழகிடும் என்று விடலாமா? சிகிச்சைக் காலணிக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

"புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவிப் போடு, பழகிடும்." நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து சொல்லிவரும் பேச்சு இது. சாதாரணக் காலுக்கு அது சரிதான். ஆனால் போலியோவில் சூம்பித் திரும்பிய கால், முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிய கால், நீரிழிவில் எலும்பு குலைந்து அடிப்பக்கம் புடைத்த கால், பிறவியிலேயே உள்பக்கம் வளைந்து முழுதாக நிமிராத கால், இவற்றுக்கு அந்தப் பேச்சு ஆபத்து. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட கால்களுக்குக் காலணி செய்து திருத்தும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் காலணிகள் பலவும் சில மாதங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்று கேட்டால், வயது வித்தியாசமே இல்லாமல் ஒரே பதில்தான்: "பழகிடும்னு நினைச்சேன் தம்பி."

சில தொந்தரவுகள் உண்மையிலேயே பழகும். சில ஒருநாளும் பழகா. எது எந்த வகை என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதை, காலில் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு சோதனை

காலணி கடிக்கிறது என்று சொல்வதற்கே காலில் உணர்ச்சி இருக்க வேண்டும். அதை முதலில் பாருங்கள். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆட்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் மாற்றி மாற்றித் தொடட்டும். ஒன்றிரண்டு விநாடி, லேசாக. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடவும் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அது உணர்ச்சி குறைந்த கால். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான எளிய சோதனை இது. பலதுறை மருந்தகத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்துச் செய்யும் பாதப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். கால் மரத்தவர்கள் கீழே நான் எழுதும் எந்த அறிகுறிக்கும் வலி வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குக் கண்தான் வலி.

இரண்டாவது சோதனை தோலில். காலணியைக் கழற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். அழுந்திய தடம் 20 நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. அதற்கு மேலும் நின்றால் அந்த இடத்தில் காலணி தப்பு, கால் தப்பில்லை. இதை எழுதும் புத்தகங்கள் எல்லாம் "சிவப்புத் தடம்" என்றே சொல்கின்றன. நம்மில் பலருடைய மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா நிறத்திலோ, பளபளவென்றோ ஓரிடம் இருக்கும். புறங்கையை வைத்தால் அங்கே மட்டும் கதகதப்பாக இருக்கும். அதைத்தான் தேட வேண்டும். என்னிடம் வந்த சிலரின் காலில், தடமே இல்லை என்று குறிப்பில் எழுதியிருந்த இடத்தில் தோல் கன்றிப் போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக் காலணியை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டால் போதும், அதுவும் வீட்டுக்குள். கழற்றிப் பாருங்கள். தடம் மறைந்தால் மறுநாள் இன்னொரு மணி நேரம் கூட்டுங்கள். கால் மரத்தவர்கள் அரை மணியிலிருந்து தொடங்கட்டும். வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு முஸ்தஃபா கடைக்குப் போவது வேண்டவே வேண்டாம்.

நீரிழிவு உள்ளவரின் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, சிவந்தோ கறுத்தோ போனால், புண் எதுவும் இல்லாவிட்டாலும், வலி அதிகம் இல்லாவிட்டாலும், நடப்பதை அப்போதே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பாத எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கும் சார்கோட் நிலையாக அது இருக்கலாம். அந்த நேரத்தில் காலணியைத் திருத்திக்கொண்டிருந்தால் பாதத்தின் வடிவமே போய்விடும். திறந்த புண், சீழ், காய்ச்சல் இருந்தாலும் இதே விதிதான். இந்த வழிகாட்டி அவற்றுக்கானது இல்லை.

அறிகுறி: விரல்களின் மேல்பக்கம் புண், நகம் கறுத்துப்போதல்

கொக்கி போல மடங்கிய விரல்களுக்கு அகலத்தைவிட உயரம்தான் முக்கியம். விரல் மூட்டுக்கு மேலே இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் தோல் உராயும்.

முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட ஓர் அம்மா, ஜாலான் புசார் பக்கமிருந்து வருவார். புதிய உள்ளட்டை வாங்கிப்போன மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். இரண்டாம் விரல் மூட்டில் கொண்டைக்கடலை அளவுக்குத் தடிப்பு, நடுவில் தோல் உரிந்திருந்தது. காலணிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். கடையில் காலணியோடு வந்த உள்ளட்டையை எடுக்காமல் அதன் மேலேயே நாங்கள் வார்த்துக் கொடுத்ததையும் வைத்திருந்தார். "ரெண்டும் இருந்தா மெத்து மெத்துன்னு இருக்கும்னு வச்சேன்பா" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. எடுத்துவிட்டு வையுங்கள் என்று கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும். ஆழம் கூட்டிய காலணியில் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இடமே சில மில்லிமீட்டர்தான். இரண்டாவது அட்டை அதை அப்படியே தின்றுவிடும்.

அதனால் விரல் மேல் புண் என்றால் முதலில் உள்ளே எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காலை உள்ளே விட்டு எழுந்து நின்றுகொண்டு, கால்விரல்களுக்கு மேலே இருக்கும் காலணியின் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கொஞ்சம் கூடக் கிள்ள வரவில்லை என்றால் உயரம் போதாது. மேலே தையல் குறுக்கே ஓடுகிறதா என்று உள்பக்கம் விரலால் தடவுங்கள். மடங்கிய விரலுக்கு மேல் தையல் இருக்கவே கூடாது. இந்தக் காலணியைப் போட்டுப் பழக்க முடியாது. கொண்டுபோய் மாற்றுங்கள்.

நகம் மட்டும் கறுக்கிறது, மூட்டில் ஒன்றுமில்லை என்றால் நீளம் குறைவாக இருக்கும், அல்லது கால் உள்ளே முன்னால் வழுக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மாலையில், நின்றுகொண்டு அளக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் காலையில் இருந்த கால் மாலையில் இருப்பதில்லை.

அறிகுறி: கட்டைவிரல் அடியில் புடைத்த எலும்பில் எரிச்சல்

ஒரு வெள்ளைத் தாளில் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் காலணியை வையுங்கள். கோடு காலணிக்கு வெளியே தெரிந்தால் இழுத்து அகலமாக்கும் வேலையெல்லாம் வீண். அந்த அச்சே உங்கள் காலுக்கானது இல்லை.

கோடு உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் ஓரிடம் எரிகிறது என்றால், மெல்லிய காலுறை போட்டு, எரிகிற இடத்தில் காலுறையின் மேல் உதட்டுச்சாயத்தால் பொட்டு வையுங்கள். காலை உள்ளே விட்டு நாலடி நடந்து கழற்றுங்கள். காலணியின் உள்பக்கம் பொட்டு விழுந்த இடம்தான் தொந்தரவு செய்யும் இடம். தோல் காலணி என்றால் அந்த இடத்தை மட்டும் குமிழ் போல இழுத்துத் தர முடியும். செயற்கைத் தோல் இரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புடைப்பின் மேல் தையலோ அலங்காரப் பட்டையோ ஓடினால் இழுப்பதால் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி ஒட்டுப் போட வேண்டும்.

இறுக்கமான காலணி போட்டால் புடைப்பு உள்ளே போய்விடும் என்று நம்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். வளர்ந்தவர்களின் இறுகிப்போன எலும்பைக் காலணி நிமிர்த்தாது. காலணியின் வேலை அந்த வடிவத்துக்கு இடம் கொடுப்பது.

அறிகுறி: உள்ளங்காலின் முன்பகுதியில் காய்ப்பு, கல்லை மிதிப்பது போன்ற வலி

முன்பாதத்தில் ஓர் எலும்பு முனை தாழ்ந்து, உடம்பின் எடையெல்லாம் அதன் மேல் இறங்குகிறது என்று பொருள். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

உள்ளட்டை செத்துவிட்டது. காய்ப்புக்கு நேர் கீழே அட்டையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தி எடுத்ததும் மெல்ல மேலே வர வேண்டும். தட்டையாகவே நின்றால், அல்லது அடியில் சோல் விரலுக்குத் தட்டுப்பட்டால், அது இனி மெத்தை இல்லை. இளகிய நுரை உள்ளட்டைகள் சில மாதங்களிலேயே இப்படி ஆகும். காலணி புதிதாக இருந்தாலும் உள்ளட்டையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

அல்லது மேட்டுத்திண்டு இடம் மாறியிருக்கிறது. முன்பாத வலிக்கு உள்ளட்டையில் நீர்த்துளி வடிவில் சிறிய திண்டு ஒட்டுவோம். அது எலும்பு முனைகளுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்து அவற்றைத் தூக்க வேண்டும். அரை விரல் முன்னால் நகர்ந்தாலும் வலிக்கிற எலும்பையே போய்க் குத்தும். உள்ளட்டையை வெளியே எடுத்துக் காய்ப்புள்ள இடத்தோடு பொருத்திப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். திண்டு முதல் சில நாள் பின்னால் உறுத்துவது பழகும். காய்ப்பின் மேலேயே உறுத்துவது பழகாது.

மூன்றாவது, சோல் முன்பகுதியில் மடிகிறது. விரல் மூட்டுகள் இறுகியவர்களுக்குப் படகு மாதிரி முன்னால் வளைந்து ஏறும், மடியாத ராக்கர் சோல் தேவைப்படும். அந்த வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது மிக நுணுக்கமான வேலை, வலிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாகவே தொடங்க வேண்டும். இதைத் தெருமுனைக் கடையில் செய்யக் கேட்காதீர்கள்.

காய்ப்பை நீங்களாகப் பிளேடால் சீவாதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கும். நீரிழிவுக்காரருக்கு அதிலிருந்துதான் புண் தொடங்கும். பாத மருத்துவரிடம் போனால் வலியில்லாமல் சீவிவிடுவார்.

அறிகுறி: குதிகால் நழுவுகிறது

பெரும்பாலும் கட்டும் முறைதான் தப்பு. காலை உள்ளே விட்டுக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, பிறகு நாடாவைக் கட்டுங்கள். கட்டிய நாடாவை அவிழ்க்காமல் காலை நுழைத்துக்கொண்டால் குதிகாலைச் சுற்றியிருக்கும் கெட்டிப் பகுதி இரண்டே மாதத்தில் நசுங்கிவிடும், பிறகு எதைக் கட்டியும் நிற்காது. பாதம் தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பட்டை அணிபவர்கள், பட்டையோடுதான் காலணியை அளக்க வேண்டும்.

அறிகுறி: சோல் ஒருபக்கம் மட்டும் தேய்கிறது, காலணியே சாய்கிறது

இதை நான் எவ்வளவு எழுதினாலும் போதாது, ஏனென்றால் காலைவிடச் சோல் உண்மையைச் சொல்லும்.

1958இல் சிங்கப்பூரில் போலியோ பெரிதாகப் பரவியது. அந்த ஆண்டு இறுதியில்தான் பிள்ளைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் நோய் கண்ட பிள்ளைகள் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். அவர்களில் ஒரு ஐயா பல வருடமாக எங்களிடம் வருகிறார். இடது பாதம் உள்பக்கம் திரும்பி, வெளி விளிம்பில்தான் ஊன்றுவார். ஒருநாள் காலணியை மேசையில் வைத்தார். பின்னாலிருந்து பார்த்தால் குடித்தவன் நிற்பது மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. குதிகால் ரப்பரின் வெளி ஓரம் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் நுரை தெரிந்தது. உள் ஓரத்தில் புதுசாக வந்தபோது இருந்த கோடுகூட அழியவில்லை. மேல் தோல் சோலைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது. வேலை செய்த இடத்துக்கு அருகே ஒரு கடையில் மூன்று முறை குதிகால் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதத்தில் பழையபடி.

குதிகாலை மட்டும் மாற்றினால் அது மீண்டும் சாயத்தான் செய்யும், ஏனென்றால் சாய்வு வருவது காலிலிருந்து. இங்கே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: கால் இளகியதா, இறுகியதா? உட்கார்ந்து, குதிகாலைக் கையால் பிடித்து நேராக்கப் பாருங்கள். நேராக வந்தால், சோலின் ஓரத்தில் சாய்வான ஆப்புப் பட்டை வைத்துக் காலை நேராக நிறுத்த முயலலாம். வரவில்லை என்றால் இறுகிப்போன கால். அதை ஆப்பு வைத்து நிமிர்த்தப் பார்த்தால் வலி முட்டிக்குப் போகும். அதற்குச் செய்ய வேண்டியது வேறு: உள்ளட்டையைக் காலின் சாய்வுக்கே ஏற்ப வார்த்து, தரை மேலே வந்து காலைத் தாங்குவது போலச் செய்து, வெளி ஓரத்தில் சோலை விரலளவு அகலமாக விரித்துவிட வேண்டும். படகுக்குப் பக்கவாட்டில் கட்டை கட்டுவது மாதிரி. ஐயாவுக்கு அப்படித்தான் செய்தோம். அதற்குப் பிறகு அவர் கணுக்கால் மடங்கி விழவில்லை.

மாதம் ஒருமுறை காலணியைச் சாப்பாட்டு மேசை உயரத்தில் வைத்துப் பின்னாலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று படத்தை அடுத்தடுத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். சாய்ந்த காலணியைத் தொடர்ந்து போடாதீர்கள்.

அறிகுறி: புதுக் காலணி போட்ட பிறகு முட்டி, இடுப்பு, முதுகு வலி

கெண்டைக்காலிலும் தொடையிலும் வரும் சோர்வு வலி இரண்டு வாரம் இருக்கும். இத்தனை காலம் வேலை செய்யாத தசை வேலை செய்யத் தொடங்குகிறது. இதுதான் உண்மையில் பழகும் வலி, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். குறையாமல் ஒரே மூட்டில் நின்று கூடிக்கொண்டே போனால் காலணியைப் பார்க்க வேண்டும்.

ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு உயரம் கூட்டும்போது இது அதிகம் நடக்கும். இத்தனை வருடம் சாய்ந்தே பழகிய இடுப்பை ஒரே நாளில் நேராக்கக் கூடாது. குறையும் அளவு முழுவதையும் கூட்டாமல், படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை. காலணிக்குள் வைப்பதற்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வரம்பு. அதற்கு மேல் போனால் குதிகால் காலணியை விட்டு வெளியே ஏறிவிடும், சோலில்தான் சேர்க்க வேண்டும்.

ஆனால் இங்கே நான் அதிகம் பார்க்கும் காரணம் வேறு. நாம் காலணியை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். வெளியே நாலு மணி நேரம் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தோடு நடக்கிறவர், வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு பத்து மணி நேரம் இருக்கிறார். சமையலறையில் நிற்பது, துணி காயப்போடுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது எல்லாம் அந்தப் பத்து மணி நேரத்தில்தான். இடுப்பு என்ன செய்யும்? ஒரு நாளில் இரண்டு உயரம். வீட்டுக்குள் மட்டும் போட இரண்டாவது ஜோடி ஒன்று வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். வெளியே போகாத, சோல் சுத்தமான ஜோடி. சாமி அறை இருக்கும் வீட்டில் காலணியா என்று தயங்குவார்கள். அந்த அறை வாசலில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம். இது உங்கள் காலுக்கான ஊன்றுகோல் என்று வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: தடுக்குகிறது, வழுக்குகிறது

சோலின் முன் நுனி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் பாதம் தூக்கி வைக்கப்படாமல் இழுபடுகிறது. பாதத்தைத் தூக்கும் பட்டை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், காலணி மட்டும் போதாது. ராக்கர் சோல் புதிதாகப் போட்டவர்களுக்கு நிற்கும்போது முன்னால் தள்ளுவது போல இருக்கும். முதல் சில நாள் எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நில்லுங்கள், மின்படிக்கட்டுக்குப் பதில் மின்தூக்கியில் ஏறுங்கள். இது பழகும். ஈரச்சந்தையில் வழுக்குவது பழகாது, சோலின் வரிகள் தேய்ந்துவிட்டன.

அறிகுறி: சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது, பூஞ்சை, நாற்றம்

"போடவே இல்லை, அலமாரியில்தான் இருந்தது, எடுத்தால் உதிர்கிறது" என்று கோபமாக வருவார்கள். போடாததால்தான் உதிர்கிறது. பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய அலமாரியில் சில வருடம் இருந்தாலே கேக் மாதிரி ஆகிவிடும். நடக்கும்போது நுரை அழுந்தி விரிவது ஈரத்தை வெளியே தள்ளும். எனவே நல்ல ஜோடியைத் தீபாவளிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். இரண்டு ஜோடியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், ஒன்று காய ஒன்று வேலை செய்யும். உதிரத் தொடங்கிய சோலில் பசை நிற்காது, முழுச் சோலையும் வேறு பொருளில் மாற்றச் சொல்லுங்கள்.

நனைந்தால் உள்ளட்டையை எடுத்துத் தனியாக, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். வெயிலில் தாழ்வாரச் சுவரின் மேல் வைத்தால் தோல் விறைத்துச் சுருங்கும், சூட்டில் வார்த்த உள்ளட்டை வடிவம் இழக்கும். பூட்டிய காருக்குள் விட்டாலும் அதேதான்.

அறிகுறி: ஒன்றுமே தெரியவில்லை

இதுதான் என்னைத் தூங்கவிடாத அறிகுறி.

நீரிழிவில் கால் மரத்த ஒரு அண்ணன், தேக்கா பக்கம் கடையில் நாள் முழுக்க நிற்கிறவர். வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, சூப்பரா இருக்கு." காலுறையைக் கழற்றினேன். உள்ளங்காலின் வெளி ஓரத்தில் காலுறை நூல் ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் பத்துக் காசு அளவுக்குப் புண். காலணியைக் கவிழ்த்துத் தட்டினேன். டங்கென்று மேசையில் விழுந்தது ஒரு தோட்டின் திருகாணி. மனைவியின் தோட்டில் இருந்தது, நான்கு நாளாக வீடெல்லாம் தேடினார்களாம். நான்கு நாளாக அவர் அதன் மேல்தான் நடந்திருக்கிறார்.

கால் மரத்தவர்கள் காலணியைப் போடும் முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கையை விட்டு நுனிவரை தடவ வேண்டும். கை விரலும் மரத்திருந்தால் வீட்டில் வேறு ஒருவர் தடவட்டும். வெள்ளைக் காலுறை போடுங்கள், கறை உடனே தெரியும். இரவில் உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது இதைத்தான்: புண் வருவது நோயால் மட்டும் இல்லை, வலி தெரியாததால். வலி தெரிந்தவன் கல் உறுத்தினால் நொண்டி நடப்பான், தெரியாதவன் அதன் மேலேயே நடப்பான். அங்கே வளர்ந்த நுண்ணறை ரப்பர் செருப்பைத்தான் தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்கள். அங்கிருந்து வாங்கி வந்து இங்கே போடுகிறவர்களும் உண்டு. கால் வடிவம் மாறாமல் மரத்து மட்டும் இருந்தால் அது நல்ல செருப்பு. வடிவம் மாறிய காலுக்கு மூடிய காலணியும் வார்த்த உள்ளட்டையும் வேண்டும்.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்பது எத்தனை பேருக்கு வாழ்நாள் வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். நானும் பால்குடம் எடுத்தவன். ஆனாலும் மரத்த காலோடு வெயிலில் தார்ச்சாலையில் நடக்காதீர்கள். சூடு தெரியாது, தோல் கழன்ற பிறகுதான் தெரியும். வேண்டுதலை நிறைவேற்றும் வழி குறித்துக் குருக்களிடம் பேசுங்கள். மற்ற நாட்களில் கல் தரை சுடாத காலை வேளையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கோயிலுக்குப் போங்கள், வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிப் பாருங்கள்.

அறிகுறி: காலணி வாசல் அலமாரியிலேயே இருக்கிறது

பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கியது ஏன் போடப்படவில்லை என்று பிள்ளைகள் அம்மாவைத் திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு கேட்காது. காரணம் இருக்கும். குனிந்து நாடா கட்ட முடியவில்லையா? ஒட்டுப் பட்டைக்கு மாற்றலாம், நீளமான காலணிக் கரண்டி வாங்கலாம். கனமாக இருக்கிறதா? இலகுவான சோல் போடலாம். சேலைக்கு அசிங்கமாக இருக்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான். நிறத்தை மாற்றலாம், கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் போட அழகான இன்னொன்றைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். கால் மரத்தவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேரச் சலுகையை என்னால் தர முடியாது.

திருப்பிக் கொண்டுபோகும்போது

உங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டால் பாத மருத்துவரிடம் அனுப்புவார்கள். டான் டோக் செங் மருத்துவமனை போன்ற இடங்களில் பாத மருத்துவரும் காலணி, உள்ளட்டை செய்யும் ஆர்த்தோடிஸ்ட்டும் ஒரே கூரையில் இருக்கிறார்கள். உடற்குறை உள்ளவர்கள் உதவிச் சாதனம் வாங்க, அவர்களுக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிள் நடத்தும் நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் செலவில் 90 விழுக்காடு வரை ஏற்கும். உங்கள் காலணி அதில் வருமா என்று வாங்கும் முன்பே உங்களைச் சோதிக்கும் சிகிச்சையாளரிடம் கேளுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் பயன் இருக்காது.

"கடிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம், போட்டு எத்தனை நேரம் கழித்து, காலையிலா மாலையிலா, கழற்றிய பிறகு தடம் எத்தனை நிமிடம் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கைப்பேசிப் படங்களையும் அதனுடன் காட்டுங்கள். வழக்கமாகப் போடும் காலுறையோடு வாருங்கள். புது ஜோடியோடு, தேய்ந்துபோன பழைய ஜோடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அழுக்காக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அதைக் கழுவ வேண்டாம், உள்ளே படிந்திருக்கும் கால்தடம்தான் எனக்கு வேண்டும்.